சிறு ஹெலிகாப்டரும் அதன் கம்பிகளும்

கோலார் தங்கவயலில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்பியின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1902-ஆம் ஆண்டில், சிவசமுத்திரத்து அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே வந்து நம் சுரங்கங்களை இயக்கலாயிற்று. கூண்டில் ஏறிப் பாதாளத்தில் இறங்கிய நம் முன்னோர் மணிக்கம்பியை நம்பியே இறங்கினர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்தம் மக்களில் பலர் இன்று மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்புகின்றனர். அவ்விளைஞருள் சிலருக்கு, வானொலி அலையால் இயங்கும் சிறு ஹெலிகாப்டரைப் பறக்கவிடும் ஆர்வம் பிறந்திருக்கிறது. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

என் தமக்கையின் மகன் ஓராண்டுச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அத்தகைய ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கினான். சயனைடு மேட்டுக்கு அப்பால் ஆளில்லாத வெளியில் மூன்றாம் நாள் பறக்கவிட்டபோது, அதன் வால் திடீரென்று சுழன்றது. கண் இமைக்கும் நேரத்தில் பொறி தரையில் மோதி நொறுங்கியது. எவருக்கும் காயமில்லை என்பதே ஆறுதல். எடுத்துப் பார்த்தோம். வாலை ஆளும் செர்வோ மோட்டார் பழுதின்றி இருந்தது. நீளம் போதவில்லையென்று இடையில் இணைத்திருந்த மலிவான கம்பியின் செருகியே அதிர்வினால் கழன்றிருந்தது!

செர்வோ என்பது கட்டளைக்கேற்ப ஒரு கையை வேண்டிய அளவு திருப்பி நிறுத்தும் சிறு மோட்டார். மின்கல ஹெலிகாப்டரில் பொதுவாக நான்கு செர்வோக்கள் உண்டு. மூன்று, மேல் இறகுகளின் சாய்வை மாற்றும் தட்டை அசைப்பன; ஒன்று, வால் இறகை ஆள்வது. எண்ணெயில் ஓடும் வகையில், எஞ்சினுக்கென ஐந்தாவது ஒன்றும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள்: மின்சாரம் வர ஒன்று, திரும்ப ஒன்று, கட்டளைக்கு ஒன்று. சாதாரணச் செர்வோவிற்குக் கட்டளை என்பது 1 முதல் 2 மில்லி விநாடி வரை நீளும் மின்துடிப்பே. 1.5 மில்லி விநாடி என்றால் கை நடுவில் நிற்கும்.

கம்பி வாங்குகையில் முதலில் பருமனைப் பார்க்க வேண்டும். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதை நினைவிற் கொள்க. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியில் 3 ஆம்பியர் ஓடுவதாகக் கொள்வோம். போக வர 60 சென்டிமீட்டர். 26 கேஜ் கம்பியில் ஏறத்தாழ கால் வோல்ட் வீணாகும். 22 கேஜில் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டே குறையும். கால் வோல்ட் அற்பமென்று எண்ணலாகாது. எல்லாச் செர்வோக்களும் ஒருசேர இழுக்கும்போது அழுத்தம் மிகத் தாழ்ந்தால், ரிசீவர் ஒரு கணம் மயங்கிவிடும். அக்கணத்தில் பொறி யார் சொல்லையும் கேளாது.

இரண்டாவது செருகி. ஃபுடாபா முறையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, ஜே.ஆர். முறையில் சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சு. இரண்டிலும் சிவப்பே நடுவில் இருக்கும். சில பழைய செருகிகளில் இவ்வரிசை மாறியிருக்குமாதலால், நிறத்தை மட்டும் நம்பாமல் சோதித்தே செருக வேண்டும். கூடுமானவரை இடை இணைப்பே வேண்டாம். தேவையான நீளத்திற்கே கம்பி வாங்குக. தவிர்க்க இயலாவிடில், செருகிகள் கழலாதபடி பூட்டு மாட்டுக.

மூன்றாவது கம்பி செல்லும் வழி. கார்பன் ஃபைபர் சட்டத்தின் விளிம்பு கத்தி போன்றது. அதிர்வில் கம்பியின் உறையை அறுத்துவிடும். அச்சட்டம் மின்சாரத்தையும் கடத்துமாதலால் ஆபத்து இரட்டிப்பாகும். விளிம்பைத் தேய்த்து மழுக்கி, கம்பிக்கு வலையுறை மாட்டிக் கட்டுக. இழுத்துக் கட்டாமல் சிறிது தளர்வு விடுக.

இனி, ஒவ்வொரு செர்வோவிற்கும் தனித்தனிக் கம்பியா, எல்லாவற்றிற்கும் ஒரே பொதுக் கம்பியா என்னும் கேள்வி எழும். எஸ்-பஸ் போன்ற முறைகளில் பல கட்டளைகள் ஒரே கம்பியில் எண்ணிட்டுச் செல்கின்றன. எடையும் சிக்கலும் குறையும். ஆயினும் அவ்வொன்று அறுந்தால் அனைத்தும் போயின. ரிசீவருக்கும் சமநிலைப் பெட்டிக்கும் இடையே பொதுக் கம்பி, பெட்டியிலிருந்து செர்வோக்களுக்குத் தனிக் கம்பிகள் என்பதே இன்று பெரும்பாலோர் வழக்கம். தொடக்கக்காரருக்கு அதுவே என் பரிந்துரையும்.

ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பழைய கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்தால், கை தானாகவே ‘நில்’ என்னும் நிலைக்கு வந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். பழுதும் பாதுகாப்பின் பக்கமே சாயும். ஹெலிகாப்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. செர்வோவின் கம்பி அறுந்த பின் அதை வானத்தில் நிறுத்தி வைக்க வழியில்லை. ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள இறகு நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்றால், அதன் நுனி மணிக்கு 550 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். அருகில் குழந்தை ஒன்று நின்றிருந்தால்? ஆகவே கம்பியில் மிச்சம் பிடிப்பது பணத்தை மட்டும் பொறுத்த காரியமன்று.

சுரங்கத்தில் மணி அடித்துச் சைகை தரும் பணியில் இருந்த என் தந்தையார், நொறுங்கிய பொறியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேரனிடம் சொன்னார்: “தம்பி, கம்பி நடுவிலே அறுந்து நான் பார்த்தது கொஞ்சம். முடிச்சிலேதான் போகும். தினமும் இறங்குவதற்கு முன்னே நாங்கள் முடிச்சைத்தான் இழுத்துப் பார்ப்போம்.”

பையன் ஆறு மாதம் பணம் சேர்த்து மீண்டும் பொறியைக் கட்டினான். இப்போது பறக்கவிடும் முன் ஒவ்வொரு செருகியையும் விரலால் மெல்ல இழுத்துப் பார்க்கிறான். நம் இளைஞர் யாவரும் அவ்வழக்கத்தை மேற்கொள்வார்களாக.