உரிமம் இல்லை எனக் கணிப்பொறி கூறும்போது

கணிப்பொறி நிரலும் இலக்கியமே எனக் கூறின், தமிழ் மாணவர்கள் புன்முறுவல் பூக்கக்கூடும். ஆயினும் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறே கொள்கிறது. அச்சட்டம் குறிக்கும் 'இலக்கியப் படைப்பு' என்பதனுள் கணிப்பொறி நிரலும் அடங்கும். நூலை வாங்கியவர்க்கு அந்த நூற்படி சொந்தமாகிறது. விலைகொடுத்துப் பெறும் மென்பொருளிலோ, பெரும்பாலும் நாம் பெறுவது பயன்படுத்தும் இசைவு மட்டுமே. அவ்விசைவே உரிமம் எனப்படுகிறது.

கல்லூரிக் கணிப்பொறியின் திரை மூலையில், விண்டோஸ் உரிமம் உறுதி செய்யப்படவில்லை என்னும் அறிவிப்பு தோன்றுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். 'நிர்வாகம் பணம் கட்டவில்லை போலும்' என உடனே முடிவு கட்டுகிறோம். எவரேனும் ஒருவர் 'கிராக்' எனப்படும் திருட்டு நிரலைப் பென் டிரைவில் கொணர்கிறார். ஆனால் பல வேளைகளில் உரிமம் இருக்கவே செய்கிறது. அது இயந்திரத்தை வந்தடையும் வழியில்தான் தடை நேர்ந்துள்ளது. அத்தடைகள் யாவை என்பதை இங்குக் காண்போம்.

நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வழங்கும் உரிம முறைகளுள் ஒன்று கே.எம்.எஸ். என்பதாகும். இம்முறையில் ஒவ்வோர் இயந்திரமும் அந்நிறுவனத்தின் உரிம சர்வரிடம் தன்னைத் தெரிவித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு பெறும் உறுதி 180 நாள்களுக்குச் செல்லும். 7 நாள்களுக்கு ஒருமுறை இயந்திரம் தானே அதனைப் புதுப்பித்துக்கொள்ள முயலும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டு, மாதக்கணக்கில் இயந்திரங்கள் அணைந்து கிடந்ததை நினைவுகூர்வோம். 180 நாள்கள் கடந்தபின் எழுப்பப்பட்ட இத்தகைய இயந்திரம் 'உரிமம் இல்லை' என்றுதான் கூறும். நிறுவனத்தின் உரிமம் நடப்பில் இருப்பின், வளாக வலைப்பின்னலில் இணைத்தாலே அது சீர்பெறும்.

அவ்வாறும் சீர்பெறாவிடில், நான்கு வினாக்களை வரிசையாக எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, தேதியும் நேரமும் சரியா? இயந்திரத்தின் கடிகாரம் சர்வரின் கடிகாரத்தினின்று 4 மணி நேரத்திற்கு மேல் வேறுபடின், வேண்டுகோள் ஏற்கப்படாது. பழைய இயந்திரங்களில் தாய்ப்பலகையின் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். சிறு பேட்டரி ஒன்றை மாற்றுவதே அதற்கு மருந்து.

இரண்டாவது, சர்வரை அடைய முடிகிறதா? 'எஃப்074' என முடியும் பிழைக்குறி, உரிம சர்வரைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்பதன் அடையாளம். வலைப்பின்னல் கம்பி கழன்றிருக்கலாம். பாதுகாப்புச் சுவர் 1688ஆம் எண் வாயிலை அடைத்திருக்கலாம். சர்வரின் முகவரி டி.என்.எஸ். பதிவில் விடுபட்டிருக்கலாம்.

மூன்றாவது, எண்ணிக்கை நிறைந்ததா? பயனர் கணிப்பொறிகளுக்கு இம்முறை செயற்பட, குறைந்தது 25 இயந்திரங்கள் சர்வரை அணுகியிருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்தால் 'எஃப்038' என முடியும் குறி தோன்றும். ஆய்வகத்தில் 40 இயந்திரங்கள் இருந்தும் இக்குறி தோன்றுவதுண்டு. ஓர் இயந்திரத்தின் வட்டினை அப்படியே நகலெடுத்து ஏனையவற்றில் பதித்திருப்பின், அனைத்தும் ஒரே அடையாளத்தைச் சுமக்கும். சர்வர் அவற்றை ஒன்றாகவே எண்ணும். நகலெடுக்குமுன் 'சிஸ்பிரெப்' கருவியால் பொதுமைப்படுத்துவதே உரிய முறை.

நான்காவது, பதிப்பு பொருந்துமா? 'ஹோம்' பதிப்புடன் கடையில் வாங்கிய இயந்திரத்தை நிறுவன உரிமம் ஏற்பதில்லை. இதனை வாங்கும்போதே நோக்குதல் நன்று.

எம்.ஏ.கே. என்னும் மற்றொரு முறையும் உண்டு. அதில் ஒரே திறவுகோலை வரையறுத்த எண்ணிக்கையளவே பயன்படுத்தலாம். இயந்திரத்தைத் துடைத்து மீண்டும் மீண்டும் விண்டோஸ் நிறுவினால், அவ்வெண்ணிக்கை கரைந்துவிடும். புள்ளியியல் மென்பொருள்களிலோ ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்னும் வரம்பு இருக்கலாம். 10 இடங்களுக்கே உரிமம் எனில், பதினோராமவர் காத்திருக்க நேரும். வேலை முடிந்தபின் மூடாமல் எழுந்து செல்பவர், பிறர் இருக்கையில் புத்தகப்பையை வைத்துச் செல்பவரை ஒப்பர்.

இவற்றையெல்லாம் ஆராயாமல் திருட்டு நிரலை நாடுவதால் விளைவது யாது? அத்தகைய நிரல்களுட் பல, வைரஸ் காப்பினை அணைக்குமாறு முதலிலேயே கோருகின்றன. காவலனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பது போன்றது இது. ஓர் இயந்திரத்தில் நுழையும் தீநிரல் வலைப்பின்னல் வழியே அலுவலகத்தின் மதிப்பெண் பதிவேடுகள்வரை பரவக்கூடும். சட்டமும் வாளாவிருப்பதில்லை. திருட்டுப்படி என அறிந்தே கணிப்பொறி நிரலைப் பயன்படுத்துவோர்க்கு, பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வணிகமோ ஆதாயமோ இல்லாதவிடத்து நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆயினும் குற்றம் குற்றமே.

உண்மையிலேயே உரிமம் வாங்கப் பொருள் இல்லையெனில், அதற்கும் நேரிய வழி உண்டு. லினக்ஸ் இயங்குதளமும் லிப்ரே ஆபிஸும் கட்டணமின்றிக் கிடைப்பன. யூனிகோடு தமிழில் ஆய்வேடு எழுத அவை போதுமானவை.

ஆகவே மாணவர்கள் அறிவிப்பைக் கண்டதும் பிழைக்குறியையும் இயந்திர எண்ணையும் குறித்து, ஆய்வகப் பொறுப்பாளரிடம் தருக. நிர்வாகத்தினர் எந்த உரிமம், எத்தனை இயந்திரங்களுக்கு, எந்நாள் வரை என்பதற்கு ஒரு பதிவேடு பேணுக. நூலகத்திற்கு நூற்பதிவேடு எத்துணை இன்றியமையாததோ, கணிப்பொறி ஆய்வகத்திற்கு உரிமப் பதிவேடும் அத்துணை இன்றியமையாதது.