வன்தட்டு ஓயும் முன்னர்

கணிப்பொறியில் விசைப்பலகை கெட்டால் வேறொன்று வாங்கலாம். திரை கெட்டாலும் அப்படியே. வன்தட்டின் கதை வேறு. தட்டின் விலை சில ஆயிரம் ரூபாய். அதனுள் இருப்பதற்கோ கடையில் விலையில்லை. தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நம் போன்றோர்க்கு இது நன்கு விளங்கும். அனுப்பிய கடிதம் காகிதமாகக் கோப்பில் இருக்கும். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை, எக்காரணத்தால் கொண்டோம் என்று பல்லாண்டுகளாகச் சேர்த்த சொற்பட்டியல் பெரும்பாலும் ஒரே தட்டில்தான் கிடக்கிறது.

பேச்சு வழக்கில் ஹார்டு டிஸ்க் எனப்படும் இக்கருவியை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலில் வெளியிட்டது. அதில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தும், அவை ஏற்றவை ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துக்களே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு ஒரு லட்சம் கோடி பைட்டுகளை ஏற்கிறது. எனினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, வாசிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதக்கிறது. முனை உரசிய இடத்திலிருந்த எழுத்து மீளாது.

தட்டு பெரும்பாலும் சொல்லாமல் போவதில்லை. சிறு கோப்பைத் திறக்கவும் நெடுநேரம் பிடிக்கும். யந்திரம் இடையிடையே உறையும். தட்டில் உதிரி இடங்கள் சில உண்டு. ஓரிடம் கெட்டால் உதிரியொன்று அதற்குப் பதிலாக அமர்கிறது. இந்த மாற்றங்களின் எண்ணிக்கையைத் தட்டே ‘ஸ்மார்ட்’ என்ற பதிவேட்டில் குறித்து வைக்கிறது. இலவச மென்பொருளால் அதைப் படிக்கலாம். அவ்வெண் வாரந்தோறும் ஏறுமாயின், தட்டு விடைபெறுகிறது என்று பொருள்.

இவ்வேளையில் பலரும் செய்வது பழுதுநீக்கும் கட்டளையை ஏவுவதே. இது சரியன்று. அக்கட்டளை தட்டு முழுவதையும் துருவுவதோடு, அதன்மேல் எழுதவும் செய்கிறது. நலிந்த தட்டு இதைத் தாங்குவது அரிது. முதலில் படியெடுத்தல், பிறகே பழுதுபார்த்தல், அதுவும் படியின்மீதுதான். செல்லரித்த ஏட்டைத் துடைக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவது போன்றது இது. தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பு வடத்தின் வழியே வேறொரு யந்திரத்தில் பூட்டி, மீண்டும் கிடைக்காதவற்றை முதலில் எடுக்க வேண்டும். திரைப்படங்கள் காத்திருக்கலாம். எஞ்சியவற்றுக்கு ‘டிடிரெஸ்க்யூ’ என்ற மென்பொருள் உதவும். அது எளிதில் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துப் பின்னர் அவற்றுக்குத் திரும்புகிறது. ‘டக் டக்’ என்ற ஓசை தொடங்கிவிட்டதாயின் மின்சாரத்தை நிறுத்தி, தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு வல்லுநரிடம் செல்வதே வழி. குளிர்பதனப் பெட்டியில் தட்டை வைக்கும் கைவைத்தியம் ஒன்றும் உலவுகிறது. உள்ளே ஈரம் கோத்தால் இருப்பதும் போய்விடும்.

புதியதாக எஸ்.எஸ்.டி. வாங்குவது நலம். சுழலும் உறுப்பு ஏதுமின்மையால் வேகம் மிகுதி, அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் அது முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக ஓய்ந்துவிடுவதுண்டு. நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் நினைவை இழக்கவும் கூடும். ஆகவே சுழலும் தட்டிலும் ஒரு படி இருக்கட்டும். பழைய தட்டை அப்படியே பெயர்ப்பதைக் காட்டிலும், இயக்க மென்பொருளைப் புதிதாக நிறுவி ஆவணங்களை மட்டும் குடியேற்றுவதையே நாம் விரும்புகிறோம். சிதைந்த பகுதிகளும் உடன் வந்து சேர வேண்டியதில்லை. தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண் முன்னரே கைவசம் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்குத் தனியாக ஓர் அபாயம் உண்டு. யூனிகோடு பரவுமுன், ஆங்கில எழுத்துக்களுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் பல வழங்கின. தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010-இல்தான். அதற்கு முற்பட்ட ஆவணங்கள் பல, அவ்வெழுத்துருக்களை நம்பியே இருக்கின்றன. அவை ஆவணத்துக்குள் இருப்பதில்லை. இயக்க மென்பொருளின் எழுத்துரு அடைவில் இருக்கின்றன. ஆவணத்தை மட்டும் எடுத்து வந்தால், புதிய தட்டில் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே தோன்றும். கோப்பு பிழைத்தும் நூல் மாண்டது போலத்தான். ஆதலின் எழுத்துருக்களையும் கூடவே எடுத்து, பின்னர் ஆற அமர எழுத்து மாற்றியின் துணையால் ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பழைய தட்டை உடனே எறிந்துவிடலாகாது. தேதியிட்டு மேசை அறையில் ஓரிரு மாதம் வைத்தால், விடுபட்ட கோப்பு ஏதேனும் நினைவுக்கு வரும். கழிக்கும்போது கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. அகராதி அழியுமே தவிர எழுத்து அழியாது. முழுவதும் மேலெழுதி, அல்லது தட்டையே உடைத்து, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம்.