அழையா விருந்தினர்

குருதிப் புற்றுநோயால் நலிந்தோர்க்குக் குருதிச் சிறுதட்டுக்களே உயிர்க்காவல்; குருதிப்பெருக்கைத் தடுப்பவை அவையே. ஆனால், பிறர் ஈந்த சிறுதட்டுக்களோடு வெண்குழியங்களும் அழையாமலே கலந்து வருகின்றன. அவற்றை அயலாரெனக் கண்ட உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. வெண்குழியங்களின் அடையாளங்கள் சில சிறுதட்டுக்களிலும் இருத்தலால், பின்னர் ஏற்றப்படும் சிறுதட்டுக்களும் அழிகின்றன. பகையை எதிர்த்தெழுந்த படை, துணைக்கு வந்தோரையும் வீழ்த்துகின்றது!

இதற்கு மாற்று யாது? வடிகட்டலே. நுண்ணிழை வடிகட்டியினூடாகச் செலுத்தும்போது வெண்குழியங்களுள் மிகப் பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிடுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் 530 நோயாளரை ஆராய்ந்து 1997இல் வெளியிடப்பெற்ற முடிவு இதனை நிறுவிற்று. வடிகட்டாதவற்றைப் பெற்றோருள் நூற்றுக்கு 45 பேரிடம் இப்பிறபொருளெதிரிகள் தோன்றின. வடிகட்டியவற்றைப் பெற்றோருள் ஏறத்தாழ 18 பேரிடமே தோன்றின.

வேண்டாதனவற்றை நீக்கிக் கொடுப்பதும் கொடையின் ஒரு கூறே.