மடிப்புத் தவறிய புரதம்

குழந்தைகளே, அடுத்த முறை வீட்டில் ஆஃப்பாயில் போடும்போது அம்மாவின் பக்கத்தில் நின்று வெள்ளைக்கருவை மட்டும் கவனியுங்கள். தோசைக்கல்லில் விழும்போது அடியில் கல் தெரியும் அளவுக்கு அது தெளிவாக இருக்கும். சில நொடிகளில் ஓரம் வெளுக்கும், அப்புறம் நடுவும் வெளுத்துக் கெட்டியாகிவிடும். கல்லை இறக்கி ஆறவைத்துப் பாருங்கள். பழையபடி தெளிவான நீராக அது திரும்புவதே இல்லை.

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி புரதம். சூடு பட்டதும் அந்தப் புரதத்தின் மடிப்புகள் பிரிகின்றன. உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வந்து, பக்கத்தில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அது இன்னொன்றோடு ஒட்டுகிறது. கடைசியில் எல்லாம் ஒரே கட்டி. நாம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. வடிவம்தான் மாறியது. வடிவம் கெட்ட புரதம் பக்கத்துப் புரதத்தோடு ஒட்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனித மூளைக்கு வரும் சில பெரிய நோய்களைப் புரிந்துகொள்ள அது போதும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. இருபது நிற மணிகளைக் கலந்து கோத்த நீண்ட மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்பதை மரபணு சொல்கிறது. ஆனால் மாலை நீட்டிக் கிடந்தால் அதற்கு ஒரு வேலையும் தெரியாது. செல்லுக்குள் அது வளைந்து, சுருண்டு, மடிந்து ஒரு வடிவத்துக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் புரதம், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம், நரம்பில் செய்தி கடத்த உதவும் புரதம் என ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் உண்டு.

இந்த மடிப்பை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் இதைச் சோதித்துப் பார்த்தார். 124 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய புரதத்தை எடுத்து, யூரியா முதலிய வேதிப்பொருள்களால் அதன் மடிப்பை முழுக்கப் பிரித்தார். பிறகு அந்த வேதிப்பொருள்களை நீக்கினார். புரதம் தானாகவே பழைய வடிவத்துக்கு மடிந்து, பழைய வேலையையும் செய்தது! அப்படியானால் மடிப்புக்கான குறிப்பு அந்த அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1972-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் நம் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரன், தம் சகாக்கள் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து 1963-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். புரதச் சங்கிலி ஒவ்வொரு இடத்திலும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்பதை அது காட்டியது. இன்றைக்கும் உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று ‘ராமச்சந்திரன் வரைபட’த்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் இவருக்கு இன்னும் பெரிய இடம் தரவேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது மூளைக்குப் போவோம்.

1901 நவம்பர் மாதம். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அகஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியை அழைத்துவந்தார்கள். அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் பேசி, ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் எழுதிவைத்தார். உங்கள் பெயர் என்ன? அகஸ்டே என்றார் அந்த அம்மா. கணவர் பெயர்? அதற்கும் அகஸ்டே என்றே பதில் வந்தது. மதியம் காலிஃபிளவரும் இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, கீரை என்றார். பென்சில், பேனா, சாவி எனச் சில பொருள்களைக் காட்டினார் மருத்துவர். எல்லாவற்றின் பெயரையும் சரியாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால், ஒன்றும் நினைவில்லை.

அந்த அம்மா 1906 ஏப்ரலில் இறந்தார். அல்சைமர் அப்போது மியூனிக் நகரில் இருந்தார். மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே ஏதோ படிந்து படிந்து திட்டுகளாகக் கிடந்தது. செல்களுக்கு உள்ளேயோ கருத்த இழைகள் முறுக்கிச் சிக்கிக் கிடந்தன. அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதைச் சொன்னார். கேட்டவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, எவ்வளவு அலட்சியமான வரவேற்பு! பிற்பாடு அந்த நோய்க்கே அல்சைமர் என்று அவர் பெயர் வந்தது.

அந்தத் திட்டுகள் எதனால் ஆனவை என்று தெரிய 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவை அமைலாய்டு பீட்டா என்ற குட்டிப் புரதம். நரம்புச் செல்லின் சவ்வில் ஒரு பெரிய புரதம் செருகி நிற்கிறது. செல்லில் இருக்கும் நொதிகள் அதை வெட்டும்போது 40 அல்லது 42 அமினோ அமிலம் கொண்ட துண்டு ஒன்று விழுகிறது. இந்தத் துண்டு உங்கள் மூளையிலும் என் மூளையிலும் இப்போதுகூட உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. உடல் அதை அவ்வப்போது அப்புறப்படுத்திவிடுகிறது. அப்புறப்படுத்தும் வேகம் குறைந்து துண்டுகள் சேரத் தொடங்கினால், அவை வடிவம் மாறி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படிகின்றன. 42 அமினோ அமிலம் உள்ள துண்டுதான் இதில் அதிகம் ஒட்டுகிறது.

செல்லுக்குள் கிடந்த சிக்கல் இழைகள் டௌ என்ற வேறு புரதம். நரம்புச் செல்லின் நீண்ட இழைக்குள் நுண்குழாய்கள் ஓடுகின்றன. செல்லுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அவற்றின் வழியேதான் போய்வருகின்றன. அந்தக் குழாய்களைக் கலையாமல் பிடித்துவைப்பது டௌ. நோயில் இந்தப் புரதத்தின்மீது அளவுக்கு மீறி பாஸ்பேட் ஏறிக்கொள்கிறது. குழாயை விட்டுக் கழன்ற டௌ புரதங்கள் தங்களுக்குள்ளேயே முறுக்கிக்கொள்கின்றன. சரக்குப் போக்குவரத்து நின்று செல் சாகிறது.

புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் அதன் சுற்றுப்புறமும்தான் முதலில் பாதிக்கப்படும் இடங்களைச் சேர்ந்தவை. அதனால்தான் அல்சைமர் வந்த ஒரு பாட்டிக்குத் தன் கல்யாணத்தில் போட்ட சாப்பாடு நினைவிருக்கும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது இருக்காது. வேண்டுமென்றே மறப்பதில்லை. பதிவே ஆகவில்லை.

பார்க்கின்சன் நோயில் சிக்கும் புரதம் வேறு. கை நடுக்கம், உடல் விறைப்பு, நடை மெதுவாவது எல்லாம் சேர்ந்த இந்த நோயை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இலேயே விவரித்துவிட்டார். நடுமூளையில் இயல்பாகவே கருத்த நிறத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் செய்கின்றன. நோயாளிகளின் மூளையில் அந்தக் கருப்பு வெளிறிப்போயிருக்கும், ஏனென்றால் செல்கள் செத்துவிட்டன. பிழைத்த செல்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ கிடக்கும். ஃபிரிட்ஸ் லூயி என்ற மருத்துவர் 1912-இல் இத்தகைய உருண்டைகளை விவரித்தார். அவை ஆல்ஃபா சினியூக்ளீன் என்ற புரதத்தால் ஆனவை என்று 1997-இல்தான் தெரிந்தது. அதே ஆண்டு, இத்தாலியின் கோன்டூர்சி என்ற ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட, தலைமுறை தலைமுறையாக இந்த நோய் வந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். இந்தப் புரதத்தின் 140 அமினோ அமிலங்களில் 53-ஆவது ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. மாலையில் ஒரே ஒரு மணி! ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கின்சனும் அல்சைமரும் இப்படிப் பரம்பரையாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கெட்ட வடிவம் தானாகப் பெருகுமா? பெருகும் என்று காட்டியவர் ஸ்டான்லி புரூசினர். ஆடுகளுக்கு வரும் ஸ்கிரேப்பி என்ற மூளை நோய்க்குக் காரணம் கிருமியே அல்ல, வெறும் புரதம் என்று 1982-இல் சொல்லி, அதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தார். வடிவம் தவறிய பிரியான், பக்கத்தில் சரியாக மடிந்திருக்கும் புரதத்தையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. மரபணு இல்லாத ஒன்று எப்படிப் பெருகும் என்று பல விஞ்ஞானிகள் ஏற்க மறுத்தார்கள். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர், பார்க்கின்சன் நோய்களிலும் கெட்ட வடிவம் ஏறக்குறைய இதே வழியில்தான் மூளைக்குள் இடம்விட்டு இடம் பரவுகிறது என்று இப்போது நினைக்கிறார்கள். பயப்படாதீர்கள். தாத்தாவைத் தொட்டாலோ, அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலோ அல்சைமரும் பார்க்கின்சனும் ஒட்டாது.

இத்தனை நேரம் செல்கள் சாவதைப் பற்றிப் பேசினோம். மூளைக் கட்டியில் நடப்பது இதற்கு நேர் எதிர். சாகவேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது.

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நீங்கள் பிறந்தபோது இருந்தவையே, பிறகு பிரிந்து பெருகுவதில்லை. அதனால்தான் குப்பைப் புரதம் அவற்றில் ஆண்டுக்கணக்கில் சேர முடிகிறது. ஆனால் அவற்றைத் தாங்கி, ஊட்டி, பராமரிக்கும் கிளியா செல்கள் பிரியக்கூடியவை. பெரியவர்களுக்கு வரும் கொடிய மூளைக் கட்டியான கிளியோபிளாஸ்டோமா இந்தக் கிளியா வகையைச் சேர்ந்தது. இங்கேயும் குற்றவாளி புரதம்தான்.

செல்லின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் இருக்கிறது. வெளியே வளர்ச்சிக்காரணி என்ற தூண்டுபொருள் வந்து அதில் ஒட்டினால், ‘பிரியலாம்’ என்று உள்ளே செய்தி அனுப்பும். சில கட்டிகளில் இதன் வெளிப்பகுதியில் 267 அமினோ அமிலங்களே காணாமல் போயிருக்கின்றன. வளர்ச்சிக்காரணி வராவிட்டாலும் பிரி, பிரி என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. பி53 என்ற இன்னொரு புரதம், டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதைத் தடுத்து நிறுத்தும். சரிசெய்யவே முடியாத சேதமென்றால் செல்லைச் சாகச்செய்யும். பல புற்றுநோய்களில் இதுதான் கெட்டுப்போகிறது. நமக்குப் பி53 மரபணு ஒரு ஜோடிதான். ஆப்பிரிக்க யானைக்கு ஏறத்தாழ 20 ஜோடி! அவ்வளவு பெரிய உடம்பில் அத்தனை செல்கள் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிதாகவே வருவதற்கு இது ஒரு காரணம் என்று 2015-இல் சொன்னார்கள். மாற்றமடைந்த பி53 வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டுவதையும் ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். நேர் எதிரான இரண்டு நோய்களுக்குள்ளும் ஒரே தவறு!

நல்ல செய்தியும் உண்டு. சில மூளைக் கட்டிகளில் ஐ.டி.எச்.1 என்ற நொதியின் 132-ஆவது அமினோ அமிலம் மாறியிருப்பதை 2008-இல் கண்டுபிடித்தார்கள். மாறிய நொதி, செய்யக்கூடாத ஒரு பொருளைச் செய்து குவிக்கிறது. அந்தக் கெட்ட நொதியை முடக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு 2024-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. 12 வயதுக் குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம். கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடையே 16 ஆண்டுகள். அல்சைமரில் படியும் அமைலாய்டை நீக்கும் லெக்கனிமாப் 2023-இல் முழு அனுமதி பெற்றது. அது நோயை ஓரளவு மெதுவாக்குகிறது, குணமாக்குவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது மறதி கூடிக்கொண்டே போனால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடவேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். அதைச் சரிசெய்ய மருந்து இருக்கிறது. மறதிக்குக் காரணம் எது என்பதை மருத்துவரால்தான் சொல்லமுடியும்.

பெங்களூரு பக்கம் போனால் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் உள்ள மூளை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். நோய் தாக்கிய மூளைகளையும் நலமான மூளைகளையும் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். இறந்த தம் உறவினரின் மூளையை ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று குடும்பங்கள் தானமாகக் கொடுத்ததால்தான், இப்படிப்பட்ட நோய்களை அங்கே ஆராய முடிகிறது.