விதையும் அதுவே, விளைச்சலும் அதுவே
சேப்பங்கிழங்கின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்

ஒரே கிழங்கு, மூன்று பெயர்கள். மைசூரின் பழைய பகுதிகளில் ஒன்றான மண்டி மொஹல்லாவில் கன்னடக்காரருக்கு அது கெசு. உருது பேசும் வீட்டில் அர்வி. தமிழர் சமையலறையில் சேப்பங்கிழங்கு. ஒரு வீட்டில் ஆட்டிறைச்சியோடு வேகிறது, அடுத்த வீட்டில் மோர்க்குழம்பில் மிதக்கிறது. எந்த வீட்டிலும் அது தொட்டுக்கொள்ளத்தான். தட்டில் சோறோ ராகி முத்தையோ இருந்தாக வேண்டும்.

பசிபிக் தீவுகளில் கதை தலைகீழ். அங்கே இதுவே சோறு. ஹவாயில் வேகவைத்து மசித்துக் களியாக உண்கிறார்கள். பாப்புவா நியூகினியில் பழங்கால விவசாயத்தின் தடயங்கள் கிடைத்த குக் சதுப்பு நிலத்தை யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கு கிடைத்த கல் கருவிகளில் சேப்பங்கிழங்கின் மாவுச்சத்து ஒட்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் நைஜீரியா இதைப் பெருமளவில் விளைவிக்கிறது.

ஈர நிலமும் ஓரளவு நிழலும் இதற்குப் போதும். தென்னைக்கு நடுவிலும் வளரும். கிழங்கு மட்டுமல்ல, தண்டும் இலையும்கூட உணவாகும். மழைக்காலத்தில் குடகிலும் மங்களூர்ப் பக்கமும் இலையில் அரிசி மாவு அரைத்துத் தடவிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, 'பத்ரொடெ' செய்கிறார்கள். நாக்கை அரிக்க வைப்பது இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். புளி சேர்ப்பதும் நன்றாக வேகவைப்பதும் அதற்காகத்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வயலில் இது பெரும்பாலும் பூத்து விதை பிடிப்பதில்லை. அதனால் விற்பதற்கும் நடுவதற்கும் ஒரே கிழங்குதான். 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 கிழங்குகள் தேவை. ஒவ்வொன்றும் 30 கிராம் என்றால் 450 கிலோ. கைமுடை உள்ள விவசாயி அறுவடையை மொத்தமாக விற்றுவிட்டால், அடுத்த பருவத்துக்குச் சந்தையில்தான் வாங்க வேண்டும். அது எந்த ரகம், எந்த வயலில் விளைந்தது என்பது சாக்கைப் பார்த்தால் தெரியாது. கிழங்கோடு நோயும் வந்து சேரலாம்.

அந்த நோய்களில் கொடியது இலைக் கருகல். ஃபைட்டோஃப்தோரா கொலோகேசியே என்ற நுண்ணுயிரியின் வேலை இது. இரவுக் குளிரும் விடாத தூறலும் சேர்ந்தால் இலையில் நீர் கோத்த புள்ளிகள் தோன்றும்; சில நாட்களில் இலையே அழுகித் தொங்கும். இலை போனால் கிழங்கு பருக்காது. விளைச்சலில் பாதி போவதும் உண்டு.

இதன் முழு உக்கிரத்தையும் பார்த்த நாடு சமோவா. 1993இல் அங்கே நோய் நுழைந்தபோது, ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தந்தது சேப்பங்கிழங்கு. விவசாயிகள் பெரும்பாலும் நட்டிருந்ததோ ஒரே ரகம், 'நியுவே'. மறு ஆண்டே ஏற்றுமதி ஏறக்குறைய நின்றது. வேறு தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ரகங்களைத் தருவித்து, கலப்பினம் செய்து, மீண்டெழப் பல ஆண்டுகள் பிடித்தன. 2009 வாக்கில் அதே நோய் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். ஸ்ரீ ரஷ்மி, ஸ்ரீ பல்லவி ஆகியவை அதன் ரகங்கள். அதன் புவனேஸ்வர் மண்டல மையத்தின் 'முக்தகேசி' கருகலைத் தாங்கக்கூடியது. நோயில்லாத விதைக்கிழங்கு, நோய் கண்ட இலைகளை உடனே அகற்றுவது, பெருமழைக்கு முன்பே பயிர் வளர்ந்துவிடும்படி முன்கூட்டி நடுவது - இவையே முதல் பாதுகாப்பு. மருந்து அதற்குப் பிறகுதான்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியேயும் ஒரு காப்பு உண்டு. இலைக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று, வறுவலுக்கு ஒன்று என்று ருசி பார்த்துப் பிரித்து வைத்திருக்கும் பழைய ரகங்கள். சமோவாவிடம் அன்று இல்லாதது இந்தப் பன்மைதான். அது கொல்லையில் நிலைக்க வேண்டுமானால், வாங்குகிறவர்களுக்கும் அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். கெசு என்றோ அர்வி என்றோ கேட்கட்டும், கூடவே 'எந்த ரகம்?' என்றும் கேட்கலாம்.