விதைநெல்லைப் போல நாட்குறிப்பையும் காப்போம்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இரவோடிரவாகப் புறப்பட்டபோது, காணி உறுதியையும் அடையாள அட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் பலர். வயற்கணக்கு எழுதிய கொப்பியோ வீட்டிலேயே நின்றுவிட்டது. 2004 ஆழிப்பேரலையிலும் 2009இல் வன்னியிலும் உறுதிகளே போன குடும்பங்களும் உண்டு. பின்னர் எத்தனை பரப்பு, என்ன பயிர், எத்தனை மாடு, என்ன இழப்பு என்று கேட்கப்பட்டபோது, நினைவை மட்டும் நம்பிப் பதில் சொல்லவேண்டியதாயிற்று.

இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு. அதிலேயே நாட்குறிப்பு எழுதலாம். படமும் குரலும் சேர்க்கலாம். ஆனால் அதுவும் ஒரு கொப்பிதான். கிணற்றில் விழுந்தால், வெள்ளத்தில் நனைந்தால், களவு போனால் முழுவதும் போய்விடும். ஆகவே எந்தச் செயலியில் எழுதுவது, எழுதியதை எங்கே காப்பது என்ற இரண்டையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

எதை எழுதுவது?

விதைத்த திகதி, வயல் துண்டு, நெல்லினம், உரம், கூலி, மழை, விளைச்சல், கடன் ஆகியவற்றை அன்றன்றே குறியுங்கள். ஒரு பக்கத்தைக் காணிக்கென ஒதுக்கி, உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், திகதி, நில அளவைப் பட இலக்கம், நான்கு எல்லைகள் என்பவற்றை எழுதுங்கள். நாட்குறிப்பு உறுதிக்குப் பதிலாகாது. ஆனால் உறுதி தொலைந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி தேடுவதற்கு இந்த விபரங்களே வழிகாட்டும்.

செயலியைத் தெரிவு செய்தல்

அழகான நிறங்களைப் பார்த்து மயங்காமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் எழுதமுடியுமா?
2. தமிழில் எழுதித் தமிழில் தேடமுடியுமா?
3. எழுதியவை அனைத்தையும் ஒரு கோப்பாக வெளியே எடுக்கமுடியுமா?
4. கட்டணம் செலுத்துவதை நிறுத்தினாலும் பழைய குறிப்புகள் கைக்கு வருமா?

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. உள்ளே போட்ட நெல்லை வெளியே எடுக்கமுடியாத களஞ்சியத்தால் யாருக்குப் பயன்?

ஜொப்லின் என்னும் செயலி இலவசமானது. குறிப்புகள் தொலைபேசியிலேயே இருப்பதால் இணையம் இல்லாமலும் எழுதலாம். அனைத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கவும் முடியும். இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பும்போது, கடவுச்சொல் இல்லாத எவரும் வாசிக்கமுடியாதபடி பூட்டும் வசதியும் உண்டு. இந்த வசதியை நீங்களே இயக்கவேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் அந்தப் பூட்டை எவராலும் திறந்துதர முடியாது. கூகிள் கீப் இலகுவானது. ஆனால் அதற்குக் கூகிள் கணக்கு வேண்டும். இத்தகைய தனிப்பூட்டு அதில் இல்லை. டே வன் நாட்குறிப்புக்கென்றே செய்யப்பட்டது. அதன் பல வசதிகளுக்குக் கட்டணம் உண்டு.

மூன்று பிரதிகள்

எந்த விவசாயியும் விதைநெல் முழுவதையும் ஒரே மூட்டையில் வைப்பதில்லை. கணினித் துறையினரும் இதையே விதியாகச் சொல்வார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். தொலைபேசியில் இருப்பது முதலாவது. மாதம் ஒருமுறை பென்ட்ரைவில் எடுப்பது இரண்டாவது. வேறூரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடமோ இணையச் சேமிப்பகத்திலோ வைப்பது மூன்றாவது. போகம் முடிந்ததும் முக்கியமான பக்கங்களை அச்சிட்டு, உறுதியோடு பிளாஸ்ரிக் உறையில் வையுங்கள். கடையில் அச்சிட்டால், அங்குள்ள கணினியில் உங்கள் கோப்பு அழிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும்.

இங்கு ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. இரண்டு தொலைபேசிகளில் ஒரே குறிப்பு தானாகவே ஒத்துப்போவதைப் பார்த்து, பிரதி இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஒன்றில் பிள்ளை தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும். அது ஒத்திசைவேயன்றிப் பிரதியல்ல. தனியே எடுத்து வைத்ததுதான் பிரதி.

இடம்பெயர்ந்தவர்கள் கவனிக்கவேண்டியவை

கூகிள் தனிநபர் கணக்கை இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால், அதையும் அதிலுள்ளவற்றையும் அந்த நிறுவனம் நீக்கலாம். இடையிடையே உள்ளே சென்று வாருங்கள். இலவச இடம் 15 ஜிகாபைட்டு மட்டுமே. படங்கள் அதை விரைவில் நிரப்பிவிடும். சிம் அட்டையை மாற்றினால், கணக்கை மீட்பதற்குக் கொடுத்த இலக்கத்தையும் அன்றே மாற்றுங்கள். பழைய இலக்கத்துக்குப் போகும் குறியீடு உங்கள் கைக்கு வராது.

தொலைபேசிக்குத் திரைப்பூட்டு இடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, தொலைபேசியோடு அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். பிறர் கைக்குப் போனால் அயலவருக்குத் தீங்கு வரக்கூடிய செய்தியை எழுதாமல் விடுவதும் பாதுகாப்பில் ஒரு பகுதியே.

முளைத்திறன் பாருங்கள்

விதைக்குமுன் நூறு நெல்லை ஈரச்சாக்கில் சுற்றி, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறோம். பிரதிக்கும் அந்தச் சோதனை வேண்டும். போகத்துக்கு ஒருமுறை பென்ட்ரைவிலுள்ள கோப்பை வேறொரு தொலைபேசியிலோ கணினியிலோ திறந்து பாருங்கள். எழுத்தும் படமும் சரியாகத் தெரிந்தால் அது நல்ல விதை. திறக்காவிட்டால் இன்றே புதிதாக எடுங்கள்.

வளமான ஏழாண்டுகளில் யோசேப்பு தானியத்தைச் சேர்த்தது பஞ்சம் வந்தபின் அல்ல, வருமுன். நாமும் இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகளோடு அமர்ந்து, காணிப் பக்கத்தை எழுதி முதற் பிரதியை எடுப்போம். வேலை ஒரு மணி நேரந்தான். இன்னொரு முறை அவசரமாகப் புறப்பட நேர்ந்தாலும், நம் உழைப்பின் கணக்கு நம்மோடு வரும்.