வழுவழுப்புக்குள் ஒரு கோட்டை



2024 ஜூலைக் கடைசியில் தொடங்கிய லெஜியனயர்ஸ் நோய்ப் பரவலை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மெல்பேர்ணில் நூறுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். ட்ருகனினாவுக்குப் பக்கத்திலுள்ள லாவர்ட்டன் நோர்த்தில் இருந்த ஒரு குளிர்கோபுரத்தையே மூலகாரணமாக ஆய்வுகூடப் பரிசோதனைகள் சுட்டிக்காட்டின. அந்தக் குளிர்காலத்தில் இருமலோடு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது அந்த வருத்தமோ டொக்டர்?"

1995 இடப்பெயர்வின்போது நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. மருத்துவ மாணவனான எனக்கு அதைக் கழுவும் வேலை கிடைத்தது. குளோரின் போட்டாலும் உட்சுவரின் வழுவழுப்பு போகாது. தும்பால் தேய்த்தால்தான் போகும். அந்த வழுவழுப்புக்குப் பெயர்தான் உயிர்ப்படலம்.

எப்படி உருவாகிறது?

தண்ணீரில் மிதந்து வரும் பக்டீரியா குழாயின் உட்சுவரைத் தொட்டதும் முதலில் இலேசாக ஒட்டுகிறது, பின்பு இறுகப் பற்றுகிறது. அது பெருகும்போது சர்க்கரை, புரதம் முதலியவை கலந்த ஒரு பசையைச் சுரந்து தன்னைச் சுற்றி மூடிக்கொள்கிறது. பக்டீரியாக்கள் இரசாயனச் சைகைகளால் ஒன்றோடொன்று 'பேசி' வளர்ச்சியை ஒழுங்குபடுத்துகின்றன. குளோரின் இந்தப் பசையின் ஆழத்துக்கு இலேசில் இறங்காது. படலம் முதிர்ந்ததும் சில துண்டுகள் பிரிந்து தண்ணீரோடு போகின்றன. காலையில் நம் பற்களில் தட்டுப்படும் பிசுபிசுப்பும் இதே வகைதான்.

லெஜியோனெல்லா இந்தக் கோட்டைக்குள் குடியிருக்கும் கிருமி. படலத்தை மேயவரும் அமீபா இதை விழுங்கினாலும் இது செரிக்காது, அமீபாவுக்குள்ளேயே பெருகும். நுண்ணிய நீர்த்துளிகளோடு நம் நுரையீரலுக்குள் போனால், கிருமிகளை விழுங்கும் நம் வெள்ளணுக்களுக்குள்ளும் அதே தந்திரத்தைத்தான் செய்கிறது. அதனால் பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. கலத்துக்குள் நுழையக்கூடிய வேறு அன்ரிபயோட்டிக் வேண்டும்.

1976இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குப் போனவர்களுக்கு வந்ததால்தான் இந்தப் பெயர். மெல்பேர்ண் அக்குவாரியத்தில் 2000ஆம் ஆண்டு 125 பேருக்கு வந்தது. அதன் பின்னரே விக்டோரியாவில் குளிர்கோபுரங்களைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கச் சுடுதண்ணீர்த் தாங்கியின் வெப்பநிலையை 60 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். இளஞ்சூடான தண்ணீரில்தான் இக்கிருமி நன்றாகப் பெருகும்.
* ஊருக்குப் போய் ஆறு கிழமைக்குப் பின் திரும்பினால், குளிக்க முன்னர் குழாய்களைத் திறந்து சில நிமிடங்கள் தண்ணீரை ஓடவிடுங்கள். துளிகள் முகத்தில் தெறிக்காமல் விலகி நில்லுங்கள்.
* ஷவர் தலையைக் கழற்றி அவ்வப்போது தேய்த்துக் கழுவுங்கள்.
* கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் வாங்கும் பைமண்ணில் இதன் உறவினரான இன்னொரு லெஜியோனெல்லா இருக்கலாம். பையைத் திறக்கும்போது முகமூடியும் கையுறையும் அணிந்து, மண்ணை நனைத்துவிட்டுக் கிளறுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது?

கிருமி உட்புகுந்து பெரும்பாலும் 2 முதல் 10 நாட்களில் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், தலையிடி, உடல் உளைவு தொடங்கும். சிலருக்கு வயிற்றோட்டமும் மனக்குழப்பமும் வரும். ஐம்பதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நீரிழிவு அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். இது பொதுவாக ஆளுக்கு ஆள் தொற்றாது. ஆகவே நோயாளியைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

நம் அம்மா அப்பாமார் "மற்றவருக்கு ஏன் கரைச்சல்" என்று பனடோல் குளிசையோடு நாட்களைக் கடத்துவார்கள். காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ பேச்சு தடுமாறினாலோ காத்திருக்காதீர்கள், 000க்கு அழையுங்கள். நேரத்தோடு மருந்து தொடங்கினால் பெரும்பாலானவர்கள் குணமடைந்துவிடுவார்கள்.